பிலிமத்தலாவையில் ஒரு சா-சா-சா இசைத்தட்டு

காலை 6.55, கொழும்புக் கோட்டை நிலையம். ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய கண்டி கடுகதி ரயில் நான்கு நிமிடம் தாமதித்தது. என் பையில் ஐந்து பொருட்கள்: சிறிய ஒலிப்பதிவுக் கருவி, அதற்கான வயர் இரண்டு, ஒரு கொப்பி, ஒரு பேனை. கோட்டையிலிருந்து பொல்காவலை வரும்வரை அவற்றை மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். எனக்கு எழுபத்தொன்பது வயது. எதையாவது மறந்துவிட்டேன் என்ற பயம் இப்போதெல்லாம் எந்தப் பயணத்திலும் என் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து வருகிறது.

பயணத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் என் வீட்டில் 412 லத்தீன் நடன இசைத்தட்டுகள் இருக்கின்றன. மாம்போ, சா-சா-சா, பொலேரோ, ரும்பா வகையைச் சேர்ந்த பழைய பதிவுகள். பெரும்பாலும் ஹவானாவிலும் நியூயோர்க்கிலும் வாசிக்கப்பட்டவை. அவற்றின் லேபலில் குழுத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கும். பின்னால் நின்று பொங்கோ என்ற இரட்டை மேளத்தைத் தட்டியவர் யார், மராக்காஸ் குலுக்கியவர் யார், இரண்டு குச்சிகளை ஒன்றோடொன்று அடித்து மூன்று, பிறகு இரண்டு என்று பாட்டு முழுவதையும் தாங்கியவர் யார் என்று எங்கும் எழுதியிருக்காது. அவர்களைக் கையின் பழக்கத்தை வைத்து அடையாளம் காண்பதுதான் என் பொழுதுபோக்கு. ஒருவர் நான்காம் அடியைச் சற்று முந்துவார். இன்னொருவர் தோலை அழுத்தி ஒலியை வளைப்பார். என் கொப்பியில் 163 பேர் இருக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் சந்தனம் தொலைபேசியில் அழைத்தார்.

“சேர், எங்கப்பாவும் ஒரு தட்டில வாசிச்சிருக்காரு. பொங்கோ. அவரு பேரும் லேபல்ல இல்ல. நீங்க வந்து கேட்டு, அதப் பதிஞ்சு ஒரு கொப்பி எடுத்துத் தர முடியுமா?”

உலகில் எஞ்சியிருப்பது அந்த ஒரு பிரதிதான் என்று அவர் நம்பினார். நானும் இருபது பேரிடம் விசாரித்தேன். வேறு யாரிடமும் இல்லை.

காலை 9.41, கண்டி. றம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் பத்துச் சுரங்கங்கள் எண்ணினேன். பதினொன்று என்றார் எதிரே இருந்தவர். நான் வாதாடவில்லை, ஆனால் பத்துத்தான். கடுகதி பிலிமத்தலாவையில் நிற்பதில்லை; ஆகவே கண்டிவரை போய், பஸ்ஸில் பதினொரு கிலோமீற்றர் திரும்பி வர வேண்டும். நேரமிருந்ததால் மணிக்கூட்டுக் கோபுரம்வரை நடந்து, ஒரு பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிற் ஒரு போத்தலும் பஞ்சும் வாங்கினேன். 340 ரூபாய்.

“எங்க சேர் காயம்?” என்றார் கடைக்காரர்.

“காயமில்லை. இசைத்தட்டுத் துடைக்க.”

“அதுக்கும் காயம் வருதா இப்ப?” என்று சிரித்துக்கொண்டே மிச்சக் காசை எண்ணித் தந்தார்.

பிளாஸ்ரிக் தட்டுகளை நான் இருபது வருடமாக ஸ்பிரிற்றால்தான் துடைக்கிறேன். பூஞ்சணம் போய்விடும், தட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்கும் முந்திய, நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் தட்டுகள் அரக்கால் செய்யப்பட்டவை. அரக்கு ஸ்பிரிற்றில் கரையும். எங்கள் இசைத்தட்டு வட்டத்தில் பதினான்கு பேர் இருக்கிறோம். அவர்களுக்கு இதை எச்சரிக்கையாக மூன்று முறை சொல்லியிருக்கிறேன். இதைத் தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காக வாதாடக் கூடாது என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

காலை 10.50, பிலிமத்தலாவை. பஸ்ஸில் வர முப்பத்தெட்டு நிமிடம். பித்தளைக் குத்துவிளக்குக் கடைகளைத் தாண்டி, பலசரக்குக் கடை ஒன்றுக்குப் பக்கத்தில் இறங்கினேன். அங்கிருந்து அறுபத்துநான்கு படி ஏறினால் சந்தனத்தின் வீடு. கண்டி மாநகர சபையில் தண்ணீர்ப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தேழு வயது. வாசலிலேயே நின்றார்.

“வாங்க சேர், வாங்க. படி ஏறி மூச்சு வாங்குதா? பூமணி, சேர் வந்துட்டாரு, தண்ணி கொண்டா!”

“நீங்க மொதல்ல அவர உக்கார வைங்க. வாசல்லயே வச்சுப் பேட்டி எடுக்காதீங்க” என்றார் அவர் மனைவி உள்ளிருந்து.

கதிரையில் உட்கார்ந்து அவர் அப்பாவின் கதையைக் கேட்டேன். பெயர் முத்துவேல். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தப்பு மேளம் அடித்தவர். கண்டிக்கு வந்து ஒரு ஹோட்டலில் அறை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சனிக்கிழமை நடனங்களுக்கு ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று வாசிக்கும். ஒரு சனிக்கிழமை பொங்கோக்காரர் வரவில்லை. முத்துவேல் கையில் துடைப்பத்தோடு நின்று, ஹவானாத் தட்டுகளைக் குழு பழகும்போது மாதக்கணக்கில் கேட்டிருந்தவர். உட்கார்ந்து தட்டினார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து துடைப்பம் வேறொருவர் கைக்குப் போனது. அந்தக் குழு கொழும்பில் பதிவு செய்த ஒரே தட்டில், முதல் பக்கம் சா-சா-சா.

“எனக்கு மூணு வயசுல அப்பா போயிட்டாரு. மொகம் போட்டோல இருக்கு. கொரலு அந்தத் தட்டுலதான். நடுவுல டிரம்பட் நிக்கும். அப்ப அப்பா ‘விடாதடா!’ன்னு ஒரு சத்தம் போடுவாரு. ஒரே ஒரு வாட்டி. அதுதான் சேர் எங்கப்பா பேசுறது.”

தேயும் என்று பயந்து வருடத்தில் இரண்டே முறைதான் போடுவாராம்: அப்பாவின் திதிக்கும், தன் பிறந்த நாளுக்கும்.

முற்பகல் 11.25. கோழி வாங்க அவர் கடைத்தெருவுக்குப் புறப்பட்டார். அலுமாரியைத் திறந்து காட்டி, “எல்லாத்தையும் பாருங்க சேர். அப்பா தட்ட மட்டும் நான் வந்ததும் எடுப்போம்” என்றார்.

முப்பத்தொரு தட்டுகள். இருபத்திரண்டு பெரியவை, ஒன்பது சிறியவை. எல்லாவற்றிலும் மலைநாட்டுப் பூஞ்சணம். அவர் திரும்பி வரும்போது முழு அலுமாரியும் பளபளக்க வேண்டும், ‘கொழும்பு சேர்’ என்றால் சும்மாவா என்று அவர் வியக்க வேண்டும் என ஆசைப்பட்டேன். யாரும் என்னைத் துடைக்கச் சொல்லவில்லை.

உறையிலிருந்து எடு, பஞ்சை நனை, ஐந்து சுற்று, உலரவிடு, கொப்பியில் இலக்கம் எழுது. கை ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. பெரியவை முடிந்து சிறியவைக்கு வந்தேன். அவையும் பிளாஸ்ரிக்தான். இருபத்தேழாவது தட்டை அதே அளவான உறையிலிருந்து எடுத்தேன். கொஞ்சம் பாரமாக இருந்தது. பாரம் கைக்குத் தெரிந்தது. எனக்கு எண்ணிக்கைதான் தெரிந்தது. மூன்றாம் சுற்றில் அரக்கு வாசனை எழுந்தது. பஞ்சு கறுத்திருந்தது. தட்டின் முகம் கண்ணில் புரை விழுந்ததுபோல் மங்கி, விரலில் ஒட்டியது.

லேபலைப் பார்த்தேன். குழுத் தலைவரின் பெயர். கீழே: சா-சா-சா. முதலாம் பக்கம்.

சமையலறையில் பூமணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நிற்பதற்குள் நான் தட்டை உறைக்குள் வைத்து, உறையை அலுமாரியில் வைத்து, கறுத்த பஞ்சைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துவிட்டேன். இவ்வளவு வேகம் என் கைகளுக்கு இன்னும் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

பிற்பகல் 1.40. சாப்பிட்டோம். கோழிக்கறி நன்றாக இருந்திருக்க வேண்டும். சந்தனம் கைகழுவி வந்து அலுமாரியை நோக்கி நடந்தார்.

“நில்லுங்கோ” என்றேன். எழுந்துபோய் அவருடைய இசைத்தட்டுப் பெட்டியின் ஊசியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். “இந்த ஊசி தேஞ்சுபோச்சு. இதால போட்டால் தட்டு வெட்டுப்பட்டுப் போயிடும். நான் கொழும்பில இருந்து புது ஊசி அனுப்பிறன். அதுவரைக்கும் தட்டைத் தொடாதையுங்கோ.”

“அப்ப இன்னிக்குக் கொப்பி எடுக்க முடியாதா சேர்?”

“ஏலாது.”

“அப்பா தட்ட வெளிய எடுத்துப் பாத்தீங்களா?”

“இல்லை.”

இரண்டு பொய்கள். ஊசியில் ஒரு குறையும் இருக்கவில்லை. “நல்ல வேளை நீங்க பாத்தீங்க” என்றார் அவர். பூமணி இரவுச் சாப்பாட்டுக்கு என்று ரொட்டியும் கோழியும் பார்சல் கட்டித் தந்தார்.

பிற்பகல் 4.04, பிலிமத்தலாவை நிலையம். எல்லா இடத்திலும் நிற்கும் வண்டி. பக்கத்தில் வத்தேகமவில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார். என் கையைப் பார்த்தார்.

“என்ன ஹாஜியார், எலக்‌ஷன் முடிஞ்சு எவ்வளவு காலம், ஒங்கட வெரல்ல இன்னும் மை ஈக்கி?”

“நான் ஹாஜியார் இல்லை.”

“அப்ப ரெண்டு வோட் போட்ட ஆளா? மூணு வெரல்ல ஈக்கி!”

பெட்டியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் மூன்று விரல்களையும் மடக்கிக்கொண்டேன். புது ஊசிக்காகச் சந்தனம் எத்தனை நாள் காத்திருப்பார் என்று நினைத்தேன். ஊசியை அனுப்பினால் போடுவார். அனுப்பாவிட்டால் காத்திருப்பார். அடுத்த நிலையம் கடுகண்ணாவை. வண்டி நின்றதும் பையையும் பார்சலையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். “கொழும்பு இன்னும் வரல்ல, பெரியவர்!” என்று அவர் யன்னலால் கத்தியது கேட்டது.

மாலை 5.05. பஸ்ஸில் திரும்பி, அறுபத்துநான்கு படியும் ஏறினேன். கதவு திறந்திருந்தது. சந்தனம் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. என்னைக் கண்டதும் தட்டை இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினார்.

“சேர்… நீங்க சொல்லிட்டுத்தான் போனீங்க. நான் கேக்கல. நீங்க படி எறங்குனதும் போட்டுட்டேன். பொறந்த நாளுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு, ஒரே ஒரு வாட்டி கேட்டுக்குவோம்னு… ஒரே இரைச்சல் சேர். அப்பா சத்தம் வரவே இல்ல. ஊசி முழுசா அரக்கு. என் கையாலயே அழிச்சுட்டேன்.”

“நான் வேணாம்னேன்” என்றார் பூமணி, கதவோரம் நின்று. “சேர் அவ்வளவு சொல்லியும், சின்னப் புள்ள மாதிரி.”

ஒரு தகவலை மறைக்காமல் எழுத வேண்டும். கொழும்புக்குத் திரும்பிவிடலாம், பழி ஏற்கெனவே ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று மனம் கணக்குப் போட்டது. சுவர் மணிக்கூட்டின் டிக் சத்தம் பதினொன்று கேட்டது. பன்னிரண்டாவதில், பைக்குள்ளிருந்த கறுத்த பஞ்சை எடுத்து மேசையில் வைத்தேன்.

“நான் துடைச்சனான். ஸ்பிரிற் போட்டு. நீங்கள் கோழி வாங்கப் போனபோது. அரக்குத் தட்டுக்குப் போடக்கூடாதெண்டு எனக்குத் தெரியும். உங்கட ஊசியில ஒரு பிழையும் இல்லை. நான் பொய் சொன்னனான்.”

அவர் பஞ்சைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

“அப்ப நான் இல்லயா?”

“இல்லை. நான்தான்.”

“நான் போட்டதால இல்லயா?”

“இல்லை.”

“பூமணி!” இரண்டடி தள்ளி நிற்பவரைத் தூரத்தில் இருப்பவர்போல் கூப்பிட்டார். “நான் இல்லயாம்! கேட்டியா, நான் இல்லயாம்!” அழுதபடியே சிரித்தார். அப்பாவின் குரல் போனது அவருக்கு இன்னும் எட்டவில்லை. கொன்றது தன் கையில்லை என்பது மட்டும் எட்டியிருந்தது. பூமணிக்கு இரண்டும் எட்டிவிட்டன. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் வெளியே வரவில்லை.

மாலை 5.40. என்னைத் தனியாகப் படி இறங்கவிடச் சந்தனம் சம்மதிக்கவில்லை. கையைப் பிடித்து இறக்கி, பஸ் தரிப்பிடம்வரை வந்தார். பலசரக்குக் கடை வாசலில் நின்றதும் உள்ளே எட்டி, “அண்ணே! கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி வந்து அழுதேன்ல, அப்பா தட்ட நான் அழிச்சுட்டேன்னு? நான் இல்லயாம் அண்ணே. இந்த சேர்தானாம்” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு எள்ளளவும் இல்லை. நல்ல செய்தி சொல்கிறவரின் குரல் அது.

தராசில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

“ஓம், நான்தான்” என்றேன்.

பிறகு முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் வந்தார். பிறகு பக்கத்து வீட்டு ஆசிரியை. ஒவ்வொருவரிடமும் அவர் சொன்னார்; ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்; ஒவ்வொருவரிடமும் நான் “ஓம்” என்றேன். பஸ் வந்தது. படியில் கால் வைக்கும்போது சந்தனம் கேட்டார்: “சேர், தொடைக்க முன்னாடி ஒரு வாட்டியாவது போட்டுக் கேட்டீங்களா? அப்பா எப்படி வாசிச்சிருந்தாரு?”

நான் கேட்கவில்லை. அதையும் சொன்னேன்.

வெள்ளவத்தை வீட்டில் இருக்கும் என் 412இல் எது உடைந்தாலும் இன்னொரு பிரதி எங்கோ ஓர் ஊரில் யாரிடமோ இருக்கும். முத்துவேல் வாசித்ததற்கு அப்படி இன்னொன்று இல்லை. அவரை 164ஆவது ஆளாக என் கொப்பியில் எழுத எனக்குத் தகுதியில்லை. நான் அந்தக் கையைக் கேட்டவனல்ல. ஆனால் பிலிமத்தலாவையின் அந்த பஸ் தரிப்பிடத்தில் அன்று நிற்காதவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது: அது சந்தனம் இல்லை. நான்தான்.