கடை அன்ரி சொன்ன ‘நே’

அந்தக் கறுப்பு டெலிபோன் கவுண்டரில், ஒலிவ்காய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது. மெல்பேர்னில் நோபிள் பார்க் ஸ்டேசனுக்கு எதிரே, ஆறே ஆறு மேசைகள் போட்ட சின்னக் கிரேக்கச் சாப்பாட்டுக்கடை. எழுபதுகளின் நடுப்பகுதி. நான் வாடகைக்கு இருந்த அறையில் டெலிபோன் இல்லாததால், யாழ்ப்பாணத்திலிருந்த அண்ணனுக்கு அந்தக் கடையின் நம்பரைத்தான் எழுதி அனுப்பியிருந்தேன்.

டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் வரைபட வேலை. வேலை முடிந்ததும் தினமும் அங்கே போய்த் தனியாகச் சாப்பிடுவேன். சுற்றியிருப்பவர்கள் பேசிச் சிரிக்கும்போது, ஒருவன் மட்டும் வாயை மெல்லுவதற்காகவே வைத்திருப்பதுபோல உட்கார்ந்திருப்பது பெரிய அவமானம். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் டெலிபோனைப் பார்த்தபடி சாப்பிடுவேன். கடைக்காரம்மா கறுப்புடை உடுத்த விதவை. மனதுக்குள் அவரைக் கடை அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்குக் கிரேக்கம் சுத்தமாக வராது. சூப் வேண்டுமா என்று கேட்பார். நான் எங்கள் வழக்கப்படி ஓம் என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவேன். அவர் வேண்டாமாக்கும் என்று கோப்பையைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். இதை நான் நல்ல பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆனி மாதம், இங்கே குளிர்காலம், யாழ்ப்பாணத்தில் என் மனைவிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. எங்களுக்குக் கலியாணம் முடிந்து எட்டு மாதம், அதில் ஆறு மாதம் நான் மெல்பேர்னில். விசா கிடைத்து, புரட்டாதியில் வருவதாக இருந்தாள். புதன்கிழமை அண்ணனின் தந்தி வந்தது. சனிக்கிழமை மத்தியானம் தாண்டினால் பயமில்லையென்று டொக்டர் சொல்கிறார், ஏதும் நடந்தால் மட்டும் கடைக்குக் கோல் எடுப்பேன், இல்லாவிட்டால் கடிதம் வரும் என்று இருந்தது. அந்த மூன்று நாளும் நான் மனிதனாக இருக்கவில்லை. போய் விழுந்து கும்பிட இந்த ஊரில் அப்போது ஒரு கோயில் கிடையாது. ரயிலில் இருந்தபடியே பிள்ளையாரைக் கெஞ்சினேன், பிறகு வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

சனிக்கிழமை ஓவர்டைம். ரயிலும் பிந்திவிட்டது. ஸ்டேசனிலிருந்து ஓடிக் கடைக்குள் நுழைந்தபோது ஐந்து நாற்பது. கடை நிறைய ஆட்கள். அன்ரி இரண்டு கையிலும் தட்டுகளோடு நின்றார்.

“டெலிபோன்? எனக்கு?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“நே,” என்றார் மெதுவாக. “நே, நே.”

நோ என்றுதான் என் காதில் விழுந்தது. அப்படியென்றால் கோல் வரவில்லை, அவள் தப்பிவிட்டாள். நல்லது, பெரிய உபகாரம் என்ற அர்த்தத்தில் தலையை வேகமாக ஆட்டினேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் பசித்தது. மீன் சூப் வந்தது, பாண் வந்தது, கேட்காமலே இன்னொரு கோப்பை சூப்பும் வந்தது. புரட்டாதியில் அவளை இங்கே கூட்டிவந்து எதிர்க் கதிரையில் இருத்த வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னப்பா இது, உறைப்பே இல்லை,” என்று முகத்தைச் சுளிப்பாள். அந்த முகத்தை நினைத்ததும் என்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

நிமிர்ந்தபோது அன்ரி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்து, எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

“யுவர் பிரதர், டெலிபோன், ஹீ க்ரை,” என்றார். “ஐ வாண்ட் டு டெல். யூ சே, நோ டோக். ஓகே, ஐ நோ டோக். பட் வை யூ லாஃப்?”

அவர்கள் பாஷையில் ‘நே’ என்றால் ஓம். கோல் ஐந்தேகாலுக்கே வந்துவிட்டது. நான் ஆட்டிய தலையை, அதைப் பற்றிப் பேசாதே என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். வாயிலிருந்த பாணை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் ஏதோ சொல்லி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

பல வருஷம் கழித்து இங்கே வந்த அண்ணன், “அந்த மனிசி உனக்கு உடனையே சொன்னவவோ?” என்று கேட்டார். “ஓம்,” என்றேன். வேறென்ன சொல்வது?

இப்போது மெல்பேர்னின் ஓரத்தில், த பேசின் என்ற இடத்தில் பிள்ளையாருக்குக் கோயில் இருக்கிறது. பிள்ளைகள் காரில் கூட்டிப்போகிறார்கள், நானும் போய்க் கும்பிடுகிறேன். பிறகு ஒரு கலியாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வாழ்க்கை எனக்கு ஒன்றையும் குறைவைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமையை என்னால் கடக்க முடியவில்லை. மற்ற எல்லாருக்கும் அவள் அன்று ஐந்தேகாலுக்கு முன்பே செத்துப்போய்விட்டாள். எனக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தாள். அந்த நேரம் முழுவதும் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.