மிசியம்மாவின் பாடபேதம்

அந்தப் பியானோவின் கால்கள் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நின்றிருந்தன. கறையானுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. சனிக்கிழமைப் பிற்பகல்களில் மிசியம்மா வாசிக்கத் தொடங்கினால் கிண்ணத்து நீரில் மெல்லிய வளையங்கள் எழும். ஜன்னலுக்கு வெளியே நின்ற வேம்பின் பச்சை வெளிச்சம் அவற்றின்மேல் அசையும். அந்த இசையைக் கேட்டேனா, கண்டேனா என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் அப்போது திருநெல்வேலியில் தமிழாசிரியன். நெற்றி நிறையத் திருநீறு பூசும் குடும்பம். மிசியம்மா சீமையிலிருந்து வந்து பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் பெண்களுக்குச் சங்கீதம் கற்பித்தவர், ஐம்பதை நெருங்கியவர். ஏட்டுச்சுவடியை அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்பது எனக்குப் பழக்கம். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஆளனுப்பி அழைத்தார்.

ஒப்பிட வேண்டியிருந்தது ஜெர்மன் தேசத்துக் கலைஞர் ஒருவர் பியானோவுக்கு இயற்றிய இசை உருப்படி. அவர் கைப்பட எழுதியதைப் பார்த்து மிசியம்மாவின் தகப்பனார் இளம் வயதில் ஒரு படி எடுத்திருந்தார். மூலம் பின்னால் தீயில் போய்விட்டது. அந்தக் காலத்திலேயே அச்சான முதற்பதிப்பும் மிசியம்மாவிடம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் புதிய பதிப்பு தயாரிக்கும்படி சீமையிலிருந்து கேட்டிருந்தார்கள். குறுக்குக் கோடுகளால் பிரித்த தாளக் கட்டங்களில் நான்கு அச்சில் கூடுதலாக இருந்தன.

“அச்சிட்டவர்கள் சேர்த்தது, பண்டிதரே. அப்பா சாகும்வரை அவை இல்லாமல்தான் வாசித்தார்” என்றார்.

எனக்குச் சுரக்குறி ஒன்றும் தெரியாதே என்றேன்.

“அதனால்தான் கூப்பிட்டேன். எனக்கு அப்பா வாசித்தது காதில் கேட்டுவிடுகிறது. கண்ணும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது.”

ஆற்றுப்பாலம் கடந்து வாரந்தோறும் போனேன். தெரியாத மொழியின் எழுத்தைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு புள்ளியாக, ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். வீடு திரும்பும்போது ஆற்றில் மிதக்கும் மருத இலைகள்கூடச் சுரம் எழுதும் அந்த ஐந்து கோடுகளில் ஏறி உட்காரும். சாரல் விழத் தொடங்கிய ஒரு நாள், தகப்பனார் எழுதிய படியின் இரண்டாம் பக்கத் தொடக்கத்தில் ஒரு வளைகோட்டின் பாதி கண்ணில் பட்டது. இரண்டு சுரங்களைச் சேர்த்துக் கட்டும் கோடு அது என்று மிசியம்மா முன்பே சொல்லியிருந்தார். அங்கே அதன் முடிவு மட்டும் இருந்தது. முந்தின பக்கத்தின் கடைசியில் அது தொடங்கவே இல்லை. அச்சைப் பார்த்தேன். விடுபட்ட நான்காவது கட்டத்திலிருந்து அந்தக் கோடு புறப்பட்டு வந்தது. முதற்பக்கக் கடைசியில் தகப்பனார் நிறுத்தியிருந்த கட்டமும் அந்த நான்காவது கட்டமும் ஏறக்குறைய ஒரே சாயல். பக்கம் புரட்டும்போது ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் கண் தாவிவிட்டது. ஏடு எழுதுகிறவர்களுக்கும் நேர்வதுதான்.

அன்று தாள்களை மூடிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆயுள் முழுவதும் ஒருவர் தவறாக வாசித்தார் என்று அவர் மகளிடம் எப்படிச் சொல்வது? என் மனைவியிடம்தான் புலம்பினேன்.

“அவுக அப்பாவைப் புகழவா உங்களைக் கூப்பிட்டாக? இருக்கதைப் பாக்கத்தானே? பைய எடுத்துச் சொல்லுங்க” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பாதி வளைவில் விரல் வைத்துக் காட்டினேன். மிசியம்மா அச்சுப் பிரதியை எடுத்துப் பியானோவின்மேல் விரித்தார். பிறகு அந்த நான்கு கட்டங்களை முதன்முறையாக வாசித்தார். ஆற்றில் இறங்குகிறவர் கால் தரையைத் தேடுவதுபோல் ஒலி மெல்ல மெல்லக் கீழே போயிற்று.

“அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. தூங்கி வழிந்திருப்பார்” என்று சிரிக்கப் பார்த்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. “அடிக்குறிப்பில் என்ன எழுதுவது? தகப்பனார் பிழை என்றா?”

“ஏடு ஒப்பிடுகிற நாங்கள் ‘இப்பகுதி ஒரு பிரதியில் இல்லை’ என்று எழுதுவோம். அதுவும் உண்மைதான்” என்றேன்.

அப்படியே எழுதினார். அந்தப் பதிப்பு இப்போது என் மேசையில் இருக்கிறது. வயதாகிச் சாளேசரம் வந்த கண்ணுக்குப் புள்ளிகள் கலங்கித் தெரிகின்றன. அந்த நான்கு கட்டங்கள் எங்கே என்று மட்டும் தெரியும்.

அவர் சீமைக்குத் திரும்பத் தூத்துக்குடியில் கப்பலேறுவதற்கு முந்தின சனிக்கிழமை என்னையும் என் மனைவியையும் அழைத்து முழுவதும் வாசித்துக் காட்டினார். அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. தகப்பனார் தாவியதுபோலவே தாவி, நிற்காமல் போய்விட்டார்.

திரும்பும் வழியில் பாலத்தின்மேல் என் மனைவி கேட்டாள்: “நடுவுல ஒரு இடத்துல அந்தம்மா லேசாச் சிரிச்சாகளே, என்னத்துக்கு?”

“அங்கனதான் அவுக அப்பா இருந்தாக” என்றேன்.