சும்மா பாக்குறதுதானே?

அக்கா பால் பாக்கெட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, நுனியில் சின்னதாக ஒரு வெட்டுப் போடுகிறார். பீய்ச்சி அடித்தால் தொட்டியோடு போகட்டும் என்ற கணக்கு. கூரியரில் வரும் பெட்டியை மடியில் வைத்துப் பிரிக்கும் வழக்கமும் கிடையாது. "கூரியர்காரன் வந்தாக்கூட உங்க அக்கா கதவைப் பாதிதான் திறப்பா, தம்பி. என்னையே சில நாள் மேலும் கீழும் பாத்துட்டுத்தான் உள்ள விடுறா" என்று அவர் கணவர் என்னிடம் புலம்புவார். கணவர் லாரி ஓட்டுகிறார்.

உறவு முறையில் அக்கா எனக்கு அக்கா இல்லை. நான் ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் இருக்கிறேன். அவர் அதே கட்டடத்தில் கணினி வலையமைப்புப் பிரிவில் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிறார் என்று 'நொட்டை அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. "நொட்டை சொல்றதுக்குத்தானே சம்பளம் தர்றாங்க? வாழ்த்துப்பா பாடவா கூப்பிட்டாங்க?" என்பார்.

கேபிளை அவர் சுருட்டுவதைப் பார்க்க வேண்டும். முறுக்கு விழாமல் எட்டுப் போல மடித்து, மகளுடைய தலைமுடி ரப்பர் பேண்டு ஒன்றை மாட்டிவிடுவார். எங்கள் மருத்துவமனையின் கேபிள் பெட்டியைத் திறந்தால் மஞ்சளும் ரோஜாவுமாக ஒரே பூ. "பள்ளிக்கூடத்துக்குத் தலைவிரி கோலமா போறேன், எல்லாம் உன்னாலதான்" என்று மகள் சண்டை பிடிப்பாளாம்.

அவருடைய மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஜிகினா சார். பிரிவின் சுவர் முழுக்க ஒரு திரை மாட்டியிருக்கிறார். கம்பிகளில் போய்வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் ('பாக்கெட்' என்பார்கள்) பிரித்துப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று அதில் ஓடுகிறது. ஏதாவது கோளாறு என்றால் மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூட வேண்டியது அது. ஜிகினா சார் அதை மூடுவதே இல்லை. வண்ண வண்ணமாக வரிகள் ஓடும். வருகிற விருந்தாளிகள் வாயைப் பிளப்பார்கள். "இதுதான் சார் நம்ம ஆஸ்பத்திரியோட நாடித்துடிப்பு" என்பார் அவர், ஏதோ தானே பெற்றெடுத்ததைப் போல.

அந்த மென்பொருளில் ஓட்டை இருக்கிறது. எழுதியவர்களே ஊரறியச் சொல்லி, அடைத்த பதிப்பையும் கொடுத்துவிட்டார்கள். ஊரறியச் சொன்னால் கெட்டவனுக்கும்தானே தெரியும்? அக்கா போய்ச் சொன்னார். ஜிகினா சாரின் பதில் எனக்கு மனப்பாடம்: "அது எதையும் தொடுறதில்லையேம்மா. சும்மா பாக்குறதுதானே? புதுசு போட்டா கலர் டல்லா இருக்கு." நிறம் மங்கலாம்! நோயாளிகளின் டிரிப்ஸ் இயந்திரங்களுக்கான கட்டளைகளும், என் கிடங்கிலிருந்து போகும் மருந்தளவு விவரமும் அதே கம்பிகளில்தான் போகின்றன. இந்த மனிதருக்கு நிறம்தான் கவலை.

"பாக்குறதுன்னா என்ன தம்பி? பிரிக்கிறது" என்று சாப்பாட்டு மேசையில் அக்கா எனக்கு விளக்கினார். "பாக்கெட்டு மேல 'உள்ள ஒரு டம்ளர் இருக்கு'ன்னு எழுதியிருக்கும். நம்ம சாஃப்ட்வேர் அதை நம்பி டம்ளரை நீட்டும். உள்ள இருக்கிறது ஒரு குடம். வழிஞ்சு மேசை முழுக்க ஓடும். வழியுறது பாலா இருந்தா துடைச்சுக்கலாம். எவனோ எழுதி அனுப்பின கட்டளையா இருந்தா? அதுவும் இவரு அந்தக் கம்ப்யூட்டருக்கு எல்லாப் பூட்டையும் திறக்கிற உரிமையைக் குடுத்து உக்கார வச்சிருக்காரு. கலர் நல்லா ஓடணுமாம்."

சென்ற மாதம் அந்த மென்பொருள் திடீர் திடீரென்று விழத் தொடங்கியது. திரை கறுத்துப் போகும். அக்கா தோண்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும், விழுவதற்குச் சற்று முன் ஒரே மாதிரியான கோணல் பொட்டலம் வந்திருந்தது. "எவனோ கதவைத் தட்டித் தட்டிப் பாக்குறான், சார். இன்னிக்கு விழுது. சரியாத் தட்டத் தெரிஞ்ச அன்னிக்கு விழாது. உள்ள வந்து உக்காந்துடுவான்."

ஜிகினா சார் என்ன செய்தார் தெரியுமா? "விழுந்தா தானா எழுந்துக்கிற மாதிரி பண்ணிடும்மா" என்றார். அக்கா முடியாது என்றதும், வெளியாள் ஒருவரை அழைத்து அப்படியே செய்து வைத்துவிட்டார். அதாவது, தட்டுகிறவன் ஆசை தீரத் தட்டலாம், ஒவ்வொரு தட்டுக்கும் நாங்களே கதவை மறுபடி தூக்கி நிறுத்தித் தருவோம். படுக்கையில் கிடப்பவனுக்கு இதெல்லாம் தெரியுமா? என் கையால் எண்ணி அனுப்பும் மருந்து அவன் நரம்புக்குள் எந்த அளவில் இறங்கும் என்று நான் எந்தத் தைரியத்தில் சொல்வேன்?

போன வாரம் ஒரு பெரிய விருந்தினர் கூட்டம் வந்தது. பிரிவுக்கு ஒருவர் வரிசையில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. கிடங்கின் சார்பில் நான் நின்றேன். ஜிகினா சார் கையை விரித்து, "இதுதான் நம்ம ஆஸ்பத்திரியோட..." என்று ஆரம்பித்தார். திரை கறுத்தது. உடனே தானாக எழுந்தது. மறுபடி கறுத்தது. மறுபடி எழுந்தது. "ஒண்ணுமில்ல, சின்ன மினுக்கல்தான்" என்று சிரித்தார். விருந்தாளிகளும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. நேராகத் திரைக்குக் கீழே போய்க் குனிந்தார். அந்தக் கணினிக்கு வரும் கேபிளைப் பிடுங்கினார். வரிகள் அப்படியே உறைந்து நின்றன.

"என்னம்மா பண்றே? மாட்டு அதை!"

"புதுசப் போடுங்க, உரிமையக் குறைங்க. மாட்டுறேன்."

"நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது, தெரியுமா?"

"இருக்கட்டும், இல்லாமப் போகட்டும் சார். மேல வார்டுல படுத்திருக்கவங்க இருக்கணும்ல?"

அக்கா அவசரமே இல்லாமல் கேபிளை எட்டுப் போல மடித்தார். கட்டுவதற்குப் பையில் துழாவினார். ரப்பர் பேண்டு எதுவும் அகப்படவில்லை. தன் பின்னலிலிருந்த பேண்டை உருவி, சுருளுக்கு இரண்டு சுற்றுப் போட்டு இறுக்கி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். அவிழ்ந்த தலைமுடியோடு, திரைக்கு முதுகைக் காட்டியபடி தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.