எட்டு லிங்கத்துக்கும் ஒரு கணக்கு

இன்று வேங்கிக்கால் பேருந்தில் பக்கத்து இருக்கைச் சிறுமி பாகைமானியை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோணம் எனக்கு வரவே வராது தாத்தா."

"கிரிவலம் போவியா?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி போவோம்."

"மலையைச் சுத்தி எட்டுத் திக்குல எட்டு லிங்கம். முழுச் சுத்து முந்நூத்தி அறுபது டிகிரி. ஒரு லிங்கத்துல இருந்து அடுத்ததுக்கு எத்தனை?"

அவள் முகம் தெளிந்தது. விரல்விட்டு வகுக்கத் தொடங்கினாள்.

முன் இருக்கையிலிருந்து அவள் அம்மா திரும்பினாள். "சாமி விஷயத்துல கணக்கு கேக்காதீங்க பெரியவரே." மகளிடம், "கன்னத்துல போட்டுக்கடி."

எண்ணிக்கொண்டிருந்த விரல்கள் கன்னத்துக்குப் போயின. பாகைமானி பெட்டிக்குள் போனது.

பள்ளிக்குப் போகாமலே, இப்படிக் கேட்டுக் கேட்டே கணக்கு கற்றவன் நான். நாளையும் அதே பேருந்தில் அவளிடம் இதையே கேட்பேன். விடை வராது என்று தெரியும்.

நீங்களாவது சொல்லுங்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டே சொன்னாலும் சரி.