ஐந்தாவது வரி

அந்த அலுவலகத்தில் அவளுக்கு நாலு வரி அக்கா என்று பெயர். நாட்டின் உச்ச நீதிமன்றம் பதினைந்து நாளில் சொல்லுகிற தீர்ப்புகளையெல்லாம் படித்து, ஒவ்வொன்றையும் நாலே வரியில் சுருக்கிக் கொடுப்பது அவள் வேலை. அதைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து, ஊர் ஊராக வக்கீல்களுக்குத் தபாலில் அனுப்புவது முதலாளியின் தொழில். மூன்றாவது மாடியில் இரண்டே அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசி மிஷின்கள் முகத்தில் அனலை ஊதும். அதனால் திறப்பதில்லை.

அவள் மேஜைக்கு வராத சண்டையே கிடையாது. மூக்குக் கண்ணாடி ஃப்ரேம் மருத்துவப் பொருளா அலங்காரப் பொருளா என்று வரித்துறையோடு பதினோரு வருஷம் மல்லுக்கு நின்ற கடைக்காரர் ஒரு நாள் வருவார். மறுநாள், தத்துக் கொடுத்த பிள்ளையைத் திரும்பக் கேட்கும் தாய். அதற்கடுத்த நாள், மாடிவீட்டு நாய் கடித்ததற்கு வீட்டுக்காரர் பொறுப்பா குடியிருப்பவர் பொறுப்பா என்ற கேள்வி. நூற்றிருபது பக்கம் அழுது தீர்த்ததை அவள் நாலு வரியில் கண்ணைத் துடைத்து அனுப்பிவிடுவாள்.

அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "நம்ம கல்யாண வாழ்க்கையையும் நாலு வரியில எழுதேன்" என்று ஒருமுறை சீண்டினார்.

"நாலு எதுக்கு, ஒண்ணு போதும். 'மனு தெரியாமல் ஏற்கப்பட்டது'" என்றாள். மனுஷர் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவளும் சட்டம் படித்தவள்தான். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டில் நின்றது ஒரே ஒரு நாள். "பேசுங்கம்மா" என்றார் நீதிபதி. தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ் போட்ட மாதிரி ஆகிவிட்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தது மட்டும் இருபது வருஷம் கழித்தும் காதில் இருந்தது. அன்றைக்குக் கழற்றிய கோட்டை அவள் திரும்பப் போடவில்லை. எழுத்தில் அவளுக்குப் பயம் கிடையாது. அதனால் இந்த நாற்காலி.

அந்த நாற்காலியைத் தேடித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு டிரைவர் படியேறி வந்தார்.

ஐம்பத்தெட்டு வயது இருக்கும். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் இவர்கள் போட்ட புத்தகம். "இதை எழுதினவங்க யாரு?" என்று கேட்டார். சண்டைக்கு வந்தவர் போலத் தெரியவில்லை. விலாசம் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"நான்தான். உட்காருங்கண்ணே."

அவர் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, நடந்ததைச் சொன்னார். முப்பத்தொரு வருஷமாக பஸ் ஓட்டுகிறார். ஒரு நாள் காலையில் கொடுத்த வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்றார். 'வண்டி நல்ல நிலையில் இருக்கிறது' என்று புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு எடு என்றார் மேலாளர். இவர் போடவில்லை. சொல் பேச்சுக் கேட்காதவர் என்று விசாரணை நடந்தது. நடுவில் இவர் வீட்டுப் படியில் வழுக்கிக் கால் முறிந்து படுத்துவிட, வேலையை விட்டு நீக்கும் உத்தரவை டிப்போ அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தபாலில் அது இவர் கைக்கு வர மேலும் பத்தொன்பது நாள் ஆனது.

"அப்பீலுக்கு அறுபது நாள் டைமாம். கைக்கு வந்த நாள்லேர்ந்து எண்ணலாம்னு உங்க புத்தகத்தைக் காட்டித்தான் வக்கீல் சொன்னாரு. அம்பத்திரெண்டாம் நாள் போட்டோம். பலகையில ஒட்டுன நாள்லேர்ந்து எண்ணணும், பதினோரு நாள் லேட்டுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. முழுத் தீர்ப்புல அப்படித்தான் இருக்காம். நானும் இந்த நாலு வரியை நாப்பது தடவை படிச்சிட்டேன். எங்கம்மா இருக்கு அது?"

அவர் விரல் அவளுடைய எழுத்தின் மேல் இருந்தது. 'பணி நீக்க உத்தரவு தொழிலாளியின் கையில் கிடைத்த நாளிலிருந்தே மேல்முறையீட்டுக் காலம் தொடங்கும்...'

அலமாரியிலிருந்து முழுத் தீர்ப்பை எடுத்தாள். நாற்பத்தோராம் பத்தி: வேலையிடத்துப் பலகையில் ஒட்டப்பட்ட உத்தரவுக்கு, ஒட்டிய நாளிலிருந்தே கணக்கு. அந்த வாக்கியத்துக்குக் கீழே பென்சில் கோடு. அவள் போட்ட கோடு.

பார்க்காமல் விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவள் பார்த்திருக்கிறாள், கோடு போட்டிருக்கிறாள், எழுதவும் எழுதியிருக்கிறாள். எழுதினதும் சுருக்கம் ஐந்து வரியாகிவிட்டது. 'அஞ்சாவது வரி வந்தா பக்கம் உடையும்' என்பது முதலாளியின் சட்டம். பலகையில் ஒட்டுவதெல்லாம் எங்கோ பத்துப் பேருக்கு நடக்கிற விஷயம் என்று நினைத்து, அவளே அடித்துவிட்டாள். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தர் இப்போது எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சப்பைக்கட்டுக் கட்ட ஒரு நொடி வாய் வந்தது. "உங்க வக்கீல் முழுசையும் படிச்சிருக்கணும்" என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அதை மென்று முழுங்கிவிட்டு, "அந்த வரியை நான்தாண்ணே எடுத்தேன்" என்றாள்.

"எதுக்கு?"

"இடம் பத்தலைன்னு."

அவர் கோபப்படுவார் என்று பார்த்தாள். அவர் புத்தகத்தைக் கவருக்குள் வைத்து, இரண்டாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். "நான் ரிட்டயராக இன்னும் இருபத்தோரு மாசம் இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து அவரோடு அவளும் அந்த வக்கீலைப் பார்க்கப் போனாள். சுருக்கத்தில் தவறு இருந்தது, அதை நம்பித்தான் தாமதம் ஆனது என்று பிரமாணப் பத்திரம் எழுதித் தருகிறேன், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடுங்கள் என்று கேட்டாள். வக்கீல் மரியாதையாகச் சிரித்தார்.

"மேடம், இதைத் தாக்கல் பண்ணினா, நான் நாலு வரியைத் தவிர எதையும் படிக்கலைன்னு நானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆயிடும். வேற வழி இருக்கு. கால் வலி கூடிப்போச்சு, எழுந்திருக்கவே முடியலைன்னு ஒரு டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கிப் போட்டுடலாம்."

டிரைவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன்னுதான் சார் வேலையே போச்சு. இப்ப இன்னொரு பொய்யைச் சொல்லித்தான் வேலையைத் திரும்ப வாங்கணுமா?" காகிதக்கட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். இலவச சட்ட உதவி மையத்தில் இருந்த ஒரு பெண் வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார்.

செய்தி முதலாளி காதுக்குப் போனது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவள் கணவர் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது பழக்கூடையோடு வந்து பார்த்தவர். ஆனால் இது அவர் அடிமடியில் கை வைக்கிற காரியம்.

"பின் அட்டையில என்னம்மா போட்டிருக்கோம்? 'முழுத் தீர்ப்பைப் படித்துத் தெளிவு பெறவும்'னு போட்டிருக்கோமா இல்லையா? அதோட நம்ம பொறுப்பு முடிஞ்சுது."

"அதை எழுதினதும் நான்தான் சார்."

"நம்ம சுருக்கம் தப்புன்னு நீயே கோர்ட்ல போய்ச் சொன்னா, நாளைக்கு எந்த வக்கீல் சந்தா கட்டுவான்? அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போடறதா இருந்தா, போட்டுட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடு. இந்தப் படி ஏறாத."

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடிவைத்தார். "போடலைன்னா உன்னால தூங்க முடியுமா?"

"முடியாது."

"போட்டா?"

அவள் யோசித்தாள். "அப்பவும் முடியாதுன்னுதான் நினைக்கிறேன்."

"அப்போ போட்டுட்டே முழிச்சிரு" என்றார்.

கையெழுத்துப் போட்டாள். அதோடு முடியவில்லை. எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை கேட்டது. இருபது வருஷத்துக்குப் பிறகு அவள் மறுபடியும் ஒரு கோர்ட்டுக்குள், அதுவும் சாட்சிக் கூண்டில்.

"இந்த வரி உங்கள் கவனத்துக்கு வராமல் விடுபட்டது, அப்படித்தானே?" என்றார் போக்குவரத்துக் கழக வக்கீல். ஆமாம் என்று தலையாட்டினால் கைதவறிய பிழை என்று போயிருக்கும். அவளுக்கும் கௌரவம்.

பழைய கதவு மறுபடி சாத்திக்கொண்டது. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். எழுத்தர் விசைப்பலகையில் விரலை வைத்தபடி காத்திருந்தார். அவள் ஒரு வாய் தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

"இல்லை. பார்த்தேன். தெரிஞ்சேதான் எடுத்தேன்." குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"அதாவது, உங்கள் சுருக்கங்களை நம்ப முடியாது என்கிறீர்கள்?"

"அதை மட்டும் வச்சு ஒருத்தர் பிழைப்பை முடிவு பண்ணக் கூடாதுங்கிறேன்."

மறுநாள் அவளுடைய டிஃபன் டப்பா, மூக்குக் கண்ணாடி உறை, நாற்காலித் தலையணை மூன்றும் ஒரு அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வந்தன. அலுவலகத்தில் பக்கம் அமைக்கிறவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், "வர்றேங்கா" என்று கிளம்பிவிட்டார்.

தொழிலாளர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. சுருக்கத்தை நம்பியது போதுமான காரணமாகாதாம். சட்ட உதவி வக்கீல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே வழக்கு நாள் பார்த்து, தள்ளி, மறுபடி நாள் பார்த்து, கடைசியில் பத்தே நிமிஷத்தில் முடிந்தது. வக்கீலும் புத்தகமும் செய்த தவறுக்குத் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது, தாமதம் மன்னிக்கப்படுகிறது. பதினோரு நாளை மன்னிக்கப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான வழக்கே ஆரம்பித்தது.

அதற்கு மேலும் பதினைந்து மாதம். பணிமனையின் பழுதுப் பதிவேட்டை வக்கீல் வரவழைத்தார். அந்த வண்டிக்கு மறுநாளே பிரேக் மாற்றியிருந்தார்கள். பணி நீக்கம் செல்லாது என்று தீர்ப்பானது.

டிரைவர்தான் ஃபோன் பண்ணினார். "ஜெயிச்சாச்சும்மா."

அவள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அடுப்பை அணைக்கக்கூட மறந்துவிட்டது. "எப்பண்ணே வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் உறைத்தது.

"வேலை எங்கம்மா? வயசு தாண்டி எட்டு மாசம் ஆச்சே. ரிட்டயரானதாக் கணக்கு வச்சுக்குவாங்களாம். கெட்ட பேர் போச்சு, அது போதும்." பிறகு அவரே, "போதுமான்னு தெரியல" என்றார்.

அவள் மனசு தானாகக் கணக்குப் போட்டது. அந்தப் பதினான்கு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் அவருக்கு இன்னும் ஆறு மாத சர்வீஸ் இருந்திருக்கும். ஆறு மாதம் வண்டி ஓட்டியிருப்பார். கடைசி நாளில் கூட வேலை பார்த்தவர்கள் டிப்போ வாசல்வரை வந்து வழியனுப்பியிருப்பார்கள்.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள். இத்தனை மாதத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"உன் மேல கோவம் இல்லம்மா. நீ மட்டும்தான் உள்ளதைச் சொன்னே. ஆனா மனசு ஆறலை. அதையும் சொல்லாம இருக்க முடியல. காலைல நாலரைக்கு இன்னமும் முழிப்பு வந்துடுது. சட்டையை மாட்டிக்கிட்டு உட்கார்ந்துடறேன். வீட்டுக்காரி, எங்க போகப் போறீங்கன்னு கேக்கறா."

சமாதானமாக ஏதாவது சொல்லலாம், ஆனால் அதை அவர் நம்பமாட்டார். "இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமாண்ணே?" என்று கேட்டாள்.

"வா. வீட்டுக்காரி உன்னைப் பார்க்கணும்ங்கறா. கொஞ்சம் திட்டுவா, காதுல போட்டுக்காதே."

"திட்டட்டும்" என்றாள் அவள். எந்த பஸ், எந்த நிறுத்தம் என்று கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள்.