திரைக்குப் பின்னால் புதுத் தலைவன்

செங்கமலம் வாலிகண்டபுரத்தில் பிறந்தவர். எட்டாவதோடு படிப்பு நின்றது, களையெடுக்கப் போனார். கல்யாணமாகி அரியலூர் வந்த பின், வெள்ளைச்சாமியின் அச்சகத்தைப் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனவர், சீக்கிரமே துடைப்பத்தை வைத்துவிட்டு அச்செழுத்துக் கோர்க்க உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் போக, அந்த அச்சகம் மாதம் ஒரு படக்கதைப் புத்தகமும் போட்டது. பெயர் ‘நட்டுவாக்காலிப் படை’. கதையில் நல்லவன் ஒருவனும் கிடையாது. ஐந்து கொடியவர்கள், அவர்களில் தலைவன் கொடுக்கு ராஜா. பாடாலூர் பெட்டிக்கடைகளில்கூட அது வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் தொங்கும்.

1979 தொடக்கத்தில், கதை எழுதிப் படமும் வரைந்த குழந்தைவேலுக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்தது. போகிற போக்கில், தன் கடைசி இதழில் கொடுக்கு ராஜாவை மலையிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டுப் போனார். அந்த இதழ் விற்றும் தீர்ந்தது. மிச்சம் நான்கு பேர். தலைவன் இல்லை, வரைய ஆளும் இல்லை.

“இத்தோட நிறுத்திக்கலாம்மா,” என்றார் வெள்ளைச்சாமி.

“நான் எழுதுறேங்க. கல்லங்குறிச்சித் தேர்த் திருவிழாவுக்குள்ள முடிச்சுடறேன்.”

“நீயா? படத்துக்கு?”

“நாலு பேரு மூஞ்சியும் பழைய அச்சு பிளாக்குல இருக்கே. அதையே மாத்தி மாத்திப் போடுவோம்.”

“சரி. தேருல விக்கலன்னா இதான் கடைசிப் புக்கு. அப்புறம் மூக்கச் சிந்தக் கூடாது.”

“நீங்க சிந்தாம இருந்தா சரிங்க.”

ஐந்து பேரின் வசனத்தையும் கோர்த்துக் கோர்த்து அவர்களின் பேச்சு செங்கமலத்துக்கு அத்துப்படி. அந்தப் புத்தகம் நின்றால் தானும் நின்றுவிட்டதுபோல இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கதை சீக்கிரம் வந்தது. தலைவன் செத்ததும் நான்கு பேரும் அடித்துக்கொள்கிறார்கள், அப்போது புதிய ஒருவன் வந்து அவர்களை அடக்குகிறான். அவனுக்குத்தான் முகம் இல்லை.

“கொடுக்கு ராஜாவையே எழுப்பிடேன். அவன் பிளாக்கு நெறையக் கெடக்குது,” என்றார் முதலாளி.

“மண்ட ஒடஞ்சவன் எப்படிங்க எந்திரிப்பான்? காசு குடுத்தவன் காறித் துப்புவான்.”

வீட்டில் தானே ஒரு முகம் வரைந்து பார்த்தார். கணவர் மாயவன் எட்டிப் பார்த்தார்.

“யாரு, எங்க சித்தப்பாவா? பாவம், பல்லு வலி போலருக்கு.”

செங்கமலம் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். மறுநாள் வேறு தாள் எடுத்தார். முகம் வரவில்லை என்றால், முகம் இல்லாமலே அவனைக் கொண்டுவருவது என்று முடிவு செய்தார். கூத்தில் துரியோதனன் சட்டென்று சபைக்குள் வந்துவிடுவதில்லை. இரண்டு பேர் துணியைப் பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடுவான். மேலே கிரீடம் ஆடும், கீழே சலங்கைக் கால் குதிக்கும். சனம் விசிலடிக்கும்.

கிரீடம், துணி, இரண்டு கால். தரைக்கு விரிக்கும் லினோலியத் துண்டைக் கட்டையில் ஒட்டி, பிளேடால் பிளாக்காகச் செதுக்கினார். இரண்டு கட்டை வீணாயிற்று, மூன்றாவது தேறியது. புத்தகம் முழுக்கப் புதுத் தலைவன் திரைக்குப் பின்னாலிருந்தே உறுமினான். கடைசிப் பக்கத்திலும் துணி இறங்கவில்லை.

“மூஞ்சி இல்லாத தலைவனா? அடிக்க வருவாங்க,” என்றார் வெள்ளைச்சாமி. ஆனாலும் அச்சடித்தார்.

தேரன்று கல்லங்குறிச்சியில் துண்டு விரித்துக் கடை போட்டார்கள். முதலில் வாங்கியவர்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து படித்துவிட்டு, வரிசையாகத் திரும்பி வந்தார்கள்.

“யோவ், உள்ள யாருய்யா?”

“காலப் பாரு, பொம்பள கால் மாதிரி இருக்கு.”

“ஒம் பொண்டாட்டி காலா இருக்கும்டா!”

“துணிய எப்பய்யா எறக்குவீங்க?”

கேட்டவர்களைச் சுற்றிக் கூட்டம் கூடியது. என்ன சண்டை என்று பார்க்க வந்தவர்களும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். துண்டில் புத்தகம் குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் புத்தகமும் போனதும் வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கத்தினார்:

“அடுத்த புக்குல எறக்குறோம், போங்கய்யா!”

செங்கமலம் அவர் பக்கம் திரும்பினார்.

“அடுத்ததுலயா? அவசரப்படாதீங்க மொதலாளி. இன்னும் மூணு புக்குக்கு அவன் உள்ளதான் நிப்பான்.”