தந்தையின் தொழில்

2008-இல் நாகர்கோவிலில் இணையதளம் செய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு கல்லூரியின் விண்ணப்பப் படிவம் என் கைக்கு வந்தது. அதில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தைச் சொடுக்கினால் பட்டியல் ஒன்று விரிய வேண்டும். கல்லூரி தந்த தாளில் அரசுப் பணி, ஆசிரியர், விவசாயம், வியாபாரம், வெளிநாட்டு வேலை, கடைசியில் 'மற்றவை' என்றிருந்தது.

என் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அதுவரை நான் நிரப்பிய அத்தனை படிவங்களிலும் அவர் 'மற்றவை'தான். இந்த முறை பட்டியலைச் செய்வதே நான். விவசாயத்துக்கு அடுத்து 'மீன்பிடித் தொழில்' என்று சேர்த்தேன்.

இரணியலிலிருந்து வந்துபோகும் முதலாளி, சரிபார்க்கும்போது அதைப் பார்த்துவிட்டார்.

"இத ஆரு சேத்தது? அவிய தந்ததுல இல்லல்லா?"

நான்தான் என்றேன். மற்றவை என்று போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார்.

"எங்க அப்பா மற்றவை இல்ல சார்."

அவர் என் கணினி முன் உட்கார்ந்து, அந்த வரியை அழிக்கப் பக்கத்தின் நிரலைத் திறந்தார். அங்கே எந்தத் தொழிலின் பெயரும் இல்லை. எல்லாம் தனியே டேட்டாபேஸ் என்ற தரவுக் கிடங்கில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியலில் வைக்கும் நாலு வரி பிஎச்பி நிரல் மட்டுமே பக்கத்தில் இருந்தது. மேலும் கீழும் தேடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க வச்சிருக்க? நீயே எடுத்து விடு மக்களே."

"இடத்தக் காட்டுதேன். நான் எடுக்க மாட்டேன்."

காட்டினேன். அவரே அழித்தார். சாயங்காலம், படிவத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு முன், அதே இடத்தில் மறுபடியும் சேர்த்தேன். ஒளிக்கவில்லை, அவரிடம் போய்ச் சொன்னேன். கல்லூரிக்காரர்கள் கேட்டால் நீதான் பேச வேண்டும் என்றார். பேசுகிறேன் என்றேன்.

மறுவாரம் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் அழைத்து, அந்த வரி எப்படி வந்தது என்று கேட்டார். முதலாளி போனை என்னிடம் நீட்டினார். உங்கள் கல்லூரிக்குக் கடற்கரைப் பிள்ளைகள் வருகிறார்களா, இல்லையா என்று கேட்டேன். வருகிறார்கள் என்றார் அந்த மனிதர். அப்படியானால் அவர்கள் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டேன். சரி, அதைக் கடைசியிலாவது போடுங்கள் என்றார். முடியாது, விவசாயத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்றேன். இருக்கட்டும் என்று போனை வைத்துவிட்டார்.

பிறகு பல மாதங்கள் முதலாளி எனக்குக் கல்லூரி வேலை எதுவும் தரவில்லை. கன்னியாகுமரி லாட்ஜுகளுக்கு அறைப் பதிவுப் பக்கங்கள் செய்துகொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.